காஜா பெராங்கில் மூடாத அடுப்பு

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். பேச்சு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டார்: "ஐயா, தொத்து நோய் பரவுற நேரத்துல கடைங்கள மூடினா சாவு குறையுமா, இல்ல அது சும்மா கண்துடைப்பா?"

பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "குறையும்மா, ஆனா எல்லாக் கடைக்கும் அந்தக் கணக்கு ஒத்து வராது" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழுப் பதிலைச் சொல்வதென்றால் இன்னொரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். அவரைப் புகழ எனக்கு இன்றைக்கும் நாக்கு எழும்பாது. ஆனால் நீங்களெல்லாம் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். நாளைக்கே ஒரு கடை வாசலில் பூட்டோடு நிற்க வேண்டி வரலாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். பொறாமைக்காரன் எழுதுகிறான் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

நாடு சுதந்திரம் அடையவிருந்த வருடம். சிங்கப்பூர் வழியாக ஒரு சளிக்காய்ச்சல் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தது. உலகத்தையே சுற்றிய காய்ச்சல் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் நன்றாக வேலைக்கு வந்தவன் மத்தியானத்தில் நடுங்கிக்கொண்டு படுத்துவிடுகிறான் என்பதுதான். பெரும்பாலானவர்கள் சில நாள் கிடந்து எழுந்துவிட்டார்கள். வயதானவர்களிலும், நெஞ்சுச் சளிக்காரர்களிலும், சரியான சாப்பாடு இல்லாதவர்களிலும் சிலர் எழவில்லை.

டவுனை இரண்டாகப் பிரித்து இரண்டு இன்ஸ்பெக்டர்களிடம் கொடுத்திருந்தார் எங்கள் சுகாதார அதிகாரி. அவர் வெள்ளைக்காரர், நாங்கள் பெரிய டாக்டர் என்போம். ஆற்றோரக் கடைகள், ஜாலான் துக்காங் எமாஸ், பண்டார் ஹிலிர் எல்லாம் என் பக்கம். காஜா பெராங்கும் தெங்கேராவும் இன்னொரு இன்ஸ்பெக்டர் பக்கம்.

அந்த இன்ஸ்பெக்டரை 'அவர்' என்றுதான் சொல்லப்போகிறேன். பெயரைச் சொன்னால் அவருக்கு இன்னொரு மாலை விழும். விழுந்த மாலைகள் போதும்.

அவர் மலாக்கா செட்டி. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: காஜா பெராங்கில் பல தலைமுறைகளாக வாழும் இந்துக்கள் அவர்கள். கும்பிடுவது நம் சாமிதான். வீட்டுப் பேச்சு மட்டும் ஒரு தினுசான மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் தலைகாட்டும். நானோ தமிழ்ப் பள்ளியில் படித்தவன். கோயில் விழாக்களில் மேடை ஏறிப் பேசி, கைதட்டு வாங்கியவன். காய்ச்சலைப் பற்றித் தொழிலாளர்களுக்காக நான் எழுதி ஒட்டிய அறிவிப்பை வாத்தியார்கள்கூட நின்று படித்துத் தலையாட்டினார்கள். ஆனால் அந்தத் தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஏதாவது ஒன்று என்றால் யாரிடம் ஓடினார்கள் தெரியுமா? சோறு, கஞ்சி, காய்ச்சல், அடுப்பு என்று நாலைந்து தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளிய அவரிடம். என் தமிழைக் கேட்டுவிட்டு அவரிடம் போய் விளக்கம் கேட்பார்கள். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

இன்னொரு விஷயமும் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தலைமை இன்ஸ்பெக்டர் நாற்காலி காலியாகப் போகிறது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் அது. பெரிய டாக்டர் யார் பெயரை எழுதி அனுப்புகிறாரோ, அவர் உட்காரலாம். தலைமை இன்ஸ்பெக்டர் அறைக் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் நான் நாற்காலியை எட்டிப் பார்த்துவிட்டுப் போவேன். அவர் ஒரு தடவையாவது பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

கூட்டம் சேரும் இடங்களை நிலைமைக்கு ஏற்றபடி மூடலாம் என்று உத்தரவு வந்தது. 'நிலைமைக்கு ஏற்றபடி' என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போனோம்.

நான் மூடினேன். முதலில் படக்கொட்டகை. அதன் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், புதுப் படம் சார், சனங்க முன்கூட்டியே கேட்டு வச்சிருக்காங்க, என் பொழப்பு போச்சு சார்" என்று கெஞ்சினார். நான் அசையவில்லை. அது சரியான வேலை என்று இன்றும் சொல்வேன். படம் பார்க்க வருகிறவனுக்கு ஒரு வீடு இருக்கிறது. படம் இல்லை என்றால் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போவான். காற்று வராத இடத்தில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருக்க மாட்டான். பிறகு கள்ளுக்கடையை மூடினேன். முடிதிருத்தும் கடை, கோப்பிக்கடை, துணிக்கடை, விறகுக்கடை, சாப்பாட்டுக்கடை என்று ஒவ்வொன்றாகப் பலகையை அடைக்க வைத்து, என் கையாலேயே முத்திரை ஒட்டினேன். கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் தெரு துடைத்துவிட்டாற்போல் இருக்கும். சுகாதாரம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன். பெரிய டாக்டர் காரில் வந்து பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

அவர் பக்கம் போய்ப் பார்த்தேன். கள்ளுக்கடை மூடியிருந்தது. சீட்டாடும் கொட்டகை மூடியிருந்தது. ஆனால் மீனாட்சி அக்கா மெஸ்ஸில் புகை வந்துகொண்டிருந்தது.

அந்த மெஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். சடக்கு என்னும் தார்ரோடு போடுகிறவர்கள், சாக்கடை வாருகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் காஜா பெராங்கில் ஒரு நீள லயத்தில் குடியிருந்தார்கள். எல்லோரும் ஒண்டி ஆட்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இந்தியாவில். அறைக்கு அறை ஆட்களை அடைத்து வைத்திருந்த லயம் அது. அறையில் பாயும் டிரங்குப் பெட்டியும் உண்டு, அடுப்பு கிடையாது. காலையில் பசியாறுவது முதல் ராத்திரிச் சோறு வரை அத்தனைக்கும் மீனாட்சி அக்காவின் மெஸ்தான். அக்காவின் கணவர் சமைப்பார், அக்கா பரிமாறுவார்.

மெஸ் வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "இத ஏன் இன்னும் மூடாம வச்சிருக்கீங்க?"

"கெடாய் துத்துப், ஓராங் பெர்கி மானா?" என்றார். கடையை மூடினால் ஆள் எங்கே போவான் என்று அர்த்தம்.

"வீட்டுக்குப் போவான்."

"வீடு?" அவர் லயத்தைக் காட்டினார். "அடுப்பு இல்ல லா."

பதில் தெரியாதபோது என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன்: உத்தரவு, பொறுப்பு, முன்மாதிரி என்று நல்ல தமிழில் கொஞ்சம் பேசிவிட்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

அவர் செய்து வைத்திருந்தது இதுதான். மெஸ்ஸிலிருந்த மேசை பெஞ்சு அனைத்தையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு முற்றத்தில் அடுக்கிவிட்டார். உட்கார இடம் இல்லாத கடையில் யார் கூடுவார்கள்? அறைக்கு ஓர் ஆள், அதுவும் காய்ச்சல் இல்லாதவன், தூக்குச்சட்டியோடு வந்து சமையலறை ஜன்னலில் வாங்கிப் போக வேண்டும். காய்ச்சல்காரர்களை லயத்தின் கடைசி அறைகளுக்கு மாற்றியிருந்தார். அவர்களுக்குத் தனியாகக் கஞ்சி. அந்த அறைகளின் கதவுகளைப் பூட்டுவார் என்று பார்த்தால், கழற்றிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். காய்ச்சல்காரன் மேல் காற்றுப் படக்கூடாது என்று நம் ஆட்கள் ஜன்னல் இடுக்கையெல்லாம் துணியால் அடைப்பார்கள். கதவே இல்லை என்றால் எதை அடைப்பது?

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவனைத் தனியே விட மாட்டார்கள். வேலை முடிந்து வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். துணைக்கு உட்காருவது என்று பெயர். நானாக இருந்தால் தடை போட்டு அறிவிப்பு ஒட்டியிருப்பேன். அவர் தடுக்கவில்லை. "உட்காரு, லுவார்" என்றார். வெளியே உட்கார் என்கிறார். அவ்வளவுதான். சாக்கடை மேட்டில் வரிசையாகக் குந்திக்கொண்டு, உள்ளே படுத்திருப்பவனோடு சத்தம் போட்டு ஊர்க்கதை பேசுவார்கள். நான் போன அன்று யாரோ ஒருவருடைய மாட்டைப் பற்றிப் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. படுத்திருந்தவனும் கலந்துகொண்டான்.

மீனாட்சி அக்கா எனக்கு ஒரு கண்ணாடி கிளாஸில் தேநீர் கொடுத்தார். அவருக்கு வீட்டுப் பித்தளை டம்ளரில் கொடுத்தார். நான் அதைக் கவனிக்காதவன் மாதிரி குடித்துவிட்டு வந்தேன்.

பிறகுதான் என் பக்கத்தில் அந்தச் சாவு வந்தது.

ஆற்றோரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் மூட்டை தூக்குகிறவர்கள் தங்கியிருந்தார்கள். கீழ்க்கடை நான் மூடிய சாப்பாட்டுக்கடை. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார் என்று தகவல் வந்து போனேன். முதுகு பலகை மாதிரி இருக்கும் ஆள். அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடப்பார். மாடி ஏறியதும் எனக்கு மூச்சு முட்டியது. ஜன்னல்கள் அத்தனையும் சாத்தி, துணி அடைத்திருந்தது. அறை நடுவில் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதன் மேல் ஒரு பெரிய சட்டி. காய்ச்சல்காரர்களும் காய்ச்சல் இல்லாதவர்களும் அந்தச் சட்டியைச் சுற்றிக் கிடந்தார்கள். கள்ளுக்கடையும் இல்லை, கோப்பிக்கடையும் இல்லை, எங்கே போவார்கள்? எல்லோரும் அங்கேதான் துணைக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அகப்பை, ஒரே மங்குக் கிண்ணம். ஸ்டவ் பற்ற வைக்கத் தெம்பில்லாத நாளில் யாரும் சாப்பிடவில்லை.

"ஏன்யா, ஜன்னலத் தொறந்து வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"காத்து பட்டா காச்சல் ஏறும் சார்" என்றார் ஒருவர். பிறகு கோபமே இல்லாமல் சொன்னார்: "கீழ கட இருந்தவரைக்கும் அஞ்சடியில குந்தித் தின்னோம். இப்ப இங்கதான சார் திங்கணும்."

நான் மூடியதால்தான் அந்த ஆள் இறந்தார் என்று சொல்ல மாட்டேன். மூடாவிட்டாலும் இறந்திருக்கலாம். மூடிய கதவு யாரையும் காப்பாற்றியதா, கொன்றதா என்று அந்தக் கதவைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அஞ்சடியில் காற்றோட்டமாக நின்ற கூட்டத்தை நான் கலைக்கவில்லை, மாடியில் கொண்டுபோய் அடைத்துவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது. ஆள் எங்கே போவான் என்ற அந்தக் கேள்வி மலாயில் காதுக்குள் கேட்டது. அது கேட்டதற்காகவும் அவர் மேல்தான் கோபம் வந்தது. ஜன்னலைத் திறக்க வைத்து, சட்டியையும் ஸ்டவ்வையும் மொட்டைமாடிக்கு மாற்றச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அந்த வாரத்திலேயே அவர் காய்ச்சலில் விழுந்தார். அவர் பக்கத்தையும் நானே பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் போனேன். குறை கண்டுபிடிக்கப் போனேன். இளையவர்களே, ஒருவரை மெச்சிக்கொண்டு பார்க்கப் போனால் பாதிதான் கண்ணில் படும். பொறாமையோடு போனால் மூலை முடுக்கெல்லாம் தெரியும். என் வேலைக்காலத்தில் அவ்வளவு நுணுக்கமாக நான் எந்த இடத்தையும் சோதித்ததில்லை. லயத்தில் ஒவ்வோர் அறையாகப் போனேன். ஒவ்வோர் அறையிலும் முதல் கேள்வி எனக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் வந்தது: "ஐயாவுக்கு எப்படி இருக்கு சார்?" கடைசி அறையில் பெரியசாமி என்ற சாக்கடைத் தொழிலாளி படுத்திருந்தார். நெஞ்சில் சளி கொரகொரவென்று சத்தம் போட்டது, கண் செருகியிருந்தது. இவர் தாண்ட மாட்டார் என்று நினைத்தேன். அவரும் வாயைத் திறந்து அதையேதான் கேட்டார்.

"நல்லாருக்காரு. நீ கஞ்சியக் குடி" என்றேன்.

"அக்கா குடுத்தாங்க சார். ஸ்பூன்ல ஊட்டிவிட்டாங்க, என் பாய வாசலோரம் இழுத்துப் போட்டு, வெளிய குந்திக்கிட்டே."

அப்புறம் மெஸ்ஸின் பின்பக்கம் போனேன். குறை கிடைத்துவிட்டது! காய்ச்சல் அறைகளிலிருந்து வந்த தூக்குச்சட்டிகளையும் மற்ற அறைச் சட்டிகளையும் ஒரே தொட்டியில் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மைசூர்பாகு சாப்பிட்டது போல இருந்தது எனக்கு. இந்த ஒன்று போதும். இதை எழுதினால் அவர் முறையே ஆபத்து என்று ஆகிவிடும்.

"என்னா அக்கா இது? காய்ச்சல்காரன் சட்டியும் நல்லவன் சட்டியும் ஒண்ணாக் கெடக்கு?"

மீனாட்சி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஐயா அத வெந்நில போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லிருக்காரு சார். தெனம் அப்படித்தான் செஞ்சோம். வெறகு தீந்து போச்சு. இருக்கறது சோறாக்கவே பத்தல."

"வாங்க வேண்டியதுதானே?"

"எங்க வாங்க? டவுன்ல வெறகுக்கடய நீங்கதான சார் மூடி வச்சிருக்கீங்க?"

அக்கா குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் மோசம். விறகுக்கடையில் கூட்டம் சேர்ந்து நான் பார்த்ததே இல்லை. தெரு முழுக்க ஒரே மாதிரி அடைத்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றுதான் அதையும் மூடினேன். என் முத்திரையை நானே போய்க் கிழித்து, ஒரு மாட்டு வண்டி விறகை ஏற்றிக் காஜா பெராங்குக்கு அனுப்பி வைத்தேன். விறகுக்கடைக்காரர் எதற்கு மூடினேன், எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் எனக்கு இரண்டு தடவை கும்பிடு போட்டார்.

அடுத்த நாள் காலையில் பெரிய டாக்டர் கூப்பிட்டார். மேசை மேல் என் அறிக்கை இருந்தது. டவுன் பக்கத்தை எப்படி ஒழுங்காக மூடினேன் என்று நான் அழகாக எழுதிக் கொடுத்தது. அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

"மற்ற ஊர்களுக்கும் இதையே காட்டப் போகிறேன். காஜா பெராங்கில் இன்னும் சாப்பாட்டுக்கடை ஓடுகிறதாமே? இப்போது அது உன் பொறுப்பு. இன்றைக்கே மூடிவிட்டு வந்து சொல்."

மெஸ்ஸை மூடும் உத்தரவுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கையெழுத்துப் போட்டால் என் முறை சரி, அவர் முறை தப்பு. நாற்காலி எனக்கு. அவர் படுக்கையில் கிடக்கிறார், எதிர்த்துப் பேச ஆள் இல்லை. போடாவிட்டால், அவர் செய்ததுதான் சரி என்று என் வாயால் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கடைசி அறையில் பெரியசாமி கிடக்கிறார். மெஸ் அடுப்பு அணைந்தால் மத்தியானக் கஞ்சி இல்லை. லயத்து ஆட்களும் ஏதாவது ஓர் அறையில் ஒரு ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, துணைக்கு உட்கார்ந்துகொண்டு, ஜன்னலை அடைத்துக்கொள்வார்கள். அந்த மாடியை நான் பார்த்திருக்கிறேன். பெரிய டாக்டர் பார்த்ததில்லை.

"இதை மூடக்கூடாது சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் பக்கத்தில் நீ மூடினாயே?"

"படக்கொட்டகையை மூடியது சரி சார். கள்ளுக்கடையை மூடியதும் சரி. அங்கே வருகிறவர்களுக்கு வேறு போக்கிடம் இருக்கிறது. ஒண்டி ஆட்களின் சாப்பாட்டுக்கடையை மூடியது தப்பு. அவர்கள் கடையைவிட மோசமான இடத்துக்குப் போய்விட்டார்கள்."

மாடியைப் பற்றிச் சொன்னேன். கழற்றிய கதவுகளைப் பற்றிச் சொன்னேன், ஜன்னலில் நீளும் தூக்குச்சட்டிகளைப் பற்றிச் சொன்னேன். "இது முழுக்க அவர் யோசனை சார். என்னுடையது இல்லை" என்று சொன்னபோது தொண்டையில் விளக்கெண்ணெய் இறங்குவது போல இருந்தது. என்னுடையது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பெரிய டாக்டர் அடுத்த கேள்வி கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அந்த யோசனையின் உள் விவரம் படுக்கையில் கிடந்தவருக்குத்தான் தெரியும்.

"அப்படியானால் கடைகளை மூடுவதால் உயிர் பிழைக்கிறதா, இல்லையா?" பெரிய டாக்டருக்கு எரிச்சல் வந்துவிட்டது. உங்கள் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்வி.

"எந்தக் கடை, யாருடைய கடை என்று பார்க்க வேண்டும் சார். மூடுகிறோம் என்றால் அங்கே கிடைத்ததை வேறு வழியில் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாது என்றால் கூட்டத்தை மட்டும் வெளியேற்றிவிட்டு அடுப்பை எரிய விட வேண்டும்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "நான் எந்தப் பதவிக்கு யார் பெயரை இந்த வாரம் எழுதப் போகிறேன் என்று உனக்குத் தெரியும் அல்லவா?"

"தெரியும் சார்."

தாளைத் தன் பக்கம் இழுத்து மடித்துக்கொண்டார். காஜா பெராங் மெஸ் அப்படியே நடக்கட்டும், டவுன் பக்கத்துச் சாப்பாட்டுக்கடைகளையும் அதே மாதிரி ஜன்னல் வழியாக நடத்து என்றார். அன்று மத்தியானமே ஆற்றோரக் கடையைத் திறக்க வைத்தேன். பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போக இடமில்லாமல், மூடிக் கிடந்த படக்கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினேன். மேனேஜர் அதற்கும் புலம்பினார்.

சாவு அதோடு நின்றுவிடவில்லை. என் பக்கத்தில் இன்னும் சிலர் போனார்கள். அவர்களில் வீட்டில் நன்றாகக் கவனிக்கப்பட்டவர்களும் உண்டு. காய்ச்சல் தானாக ஓய்ந்ததில் எவ்வளவு, நாங்கள் செய்ததில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு அறிவு போதாது. அந்த மாடியில் மட்டும் அதற்குப் பிறகு யாரும் இறக்கவில்லை. அது எனக்குத் தெரியும், தினமும் மேலே ஏறிப் பார்த்தேன்.

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் மெஸ்ஸுக்குத்தான் முதலில் போனாராம். பெரிய டாக்டர் அறையில் நடந்தது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்வார். அவர் நன்றி சொல்லி நான் தலையாட்டும் காட்சியை நினைத்தாலே உடம்பு கூசியது. நாற்காலி அவருக்குப் போயிற்று. அவருக்குக் கீழே நெடுங்காலம் வேலை பார்த்தேன். நல்ல மேலதிகாரி. அதையும் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

சுதந்திரக் கொண்டாட்டங்கள் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்போது நான் காஜா பெராங்கில்தான் வாடகைக்கு இருந்தேன். என் வாசலைத் தாண்டித்தான் அவர் குடியிருக்கும் செட்டிக் கம்பத்துக்குப் போக வேண்டும். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "லயத்து ஆளுங்க எல்லாம் வெள்ள வேட்டி கட்டிக்கிட்டு வராங்க. மால, வாழப்பழத் தாரு எல்லாம் இருக்கு" என்றாள். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவர்கள் என்னைத் தேடித்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

முன்னால் வந்தவர் பெரியசாமி. மெலிந்து போயிருந்தார், ஆனால் மாலைத் தட்டை அவர்தான் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையைக் குனிந்தார்.

"சார், ஒங்க சைக்கிளக் கொஞ்சம் ஒதுக்கி வைங்க சார். வழி எடஞ்சலா இருக்கு. ஐயா பெரிய இன்ஸ்பெக்டர் ஆயிட்டாரு, பாக்கப் போறோம்."

ஒதுக்கி வைத்தேன். மீனாட்சி அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கணவரோடு போனார். மாட்டைப் பற்றிச் சண்டை போட்டவன் போனான், படுத்துக்கொண்டே அவனோடு வாதாடியவன் போனான். தூக்குச்சட்டியோடு ஜன்னலில் நின்றவர்கள், கடைசி அறைகளில் கிடந்தவர்கள், எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். லயத்தில் யாரும் மிச்சமில்லை. யாரும் குறையவும் இல்லை.

"எல்லாரும் அவரப் பாக்கத்தான் போறாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆமா" என்றேன். சைக்கிளைப் பிடித்தபடி கடைசி ஆள் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவரும் தன் காலால் நடந்து போவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் இந்த வேலையில் ஒரு நாளாவது அப்படி வயிறு எரியட்டும்.